கோடி வாங்குகிறவனுக்கு எதற்குச் சங்கம்?

"கோடி கோடியா வாங்குறானுங்க. இவனுங்களுக்கு எதுக்குய்யா சங்கம்?"

இதைக் கேட்டவர் ஒரு தொழிற்சங்கக்காரர். கதவடைப்பில் பட்டினி கிடந்தவர். சங்கத்துக்காக வேலையைப் பறிகொடுத்து, பல வருசம் அலைந்து திரும்ப வாங்கியவர். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களின் சங்கத்தைப் பற்றி நான் ஏதோ பேச்செடுத்தபோது அவர் வாயிலிருந்து வந்தது இதுதான். எனக்குக் கோபம் வரவில்லை. அமெரிக்காவின் பெரிய பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் பல வருசமாக ஓதிக்கொண்டிருப்பதும் இதையேதான். பணக்காரனுக்கும் பெரும் பணக்காரனுக்கும் நடக்கிற சண்டையாம், நடுவில் ரசிகன்தான் பாவமாம். பொதுப்புத்தி கடல் தாண்டினாலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. அன்றைக்கு அவருக்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முழுசாகச் சொல்லாமல் விட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று பார்ப்போம். என்.பி.ஏ. என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பு. இன்றைக்கு அதில் 30 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் முதலாளி உண்டு. ஆடுகிறவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் கறுப்பர்கள். முதலாளிகளோ ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். ஆடுகிறவர்களுக்கு 1954-ல் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது. பாஸ்டன் அணியின் பாப் கூசி என்ற வெள்ளையர்தான் அதைத் தொடங்கினார். சங்கமும் முதலாளிகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து கூட்டு ஒப்பந்தம் போடுவார்கள். வருகிற காசில் யாருக்கு எவ்வளவு, எத்தனை வயதில் ஆட வரலாம், யார் எப்போது அணி மாறலாம், எல்லாம் அதில் அடங்கும்.

இந்தப் பேரம் முறிந்து ஆட்டம் நின்றால் செய்தி எப்படி வருகிறது? "வீரர்கள் பிடிவாதம்", "பேராசை", சில சமயம் "ஸ்டிரைக்" என்றே போட்டுவிடுகிறார்கள். உண்மை என்ன? ஒப்பந்தப் பேரத்தில் 1995, 1996, 1998, 2011 என்று நான்கு முறை என்.பி.ஏ.யில் வேலை நின்றிருக்கிறது. நான்கும் கதவடைப்பு. நான்கு முறையும் பூட்டுப் போட்டவன் முதலாளி. கூலிக்காக அந்த வீரர்கள் ஒருமுறைகூட வேலை நிறுத்தம் செய்து ஆட்டக்காலத்தைக் கெடுத்ததில்லை. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வேலை நிறுத்தம் செய்யக்கூடாது என்று அதிலேயே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்த நள்ளிரவில் கதவைச் சாத்தும் உரிமை மட்டும் முதலாளியிடம் பத்திரமாக இருக்கிறது. எங்கள் சங்கக்காரரிடம் இதைச் சொன்னபோதுதான் முதன்முதலாக நிமிர்ந்து உட்கார்ந்தார். கதவடைப்பு என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

*

எல்ஜின் பெய்லர் என்று ஒரு கறுப்பர். 1958-ல் மினியாபோலிஸ் லேக்கர்ஸ் அணியில் சேர்ந்தார். அந்த அணிதான் பிற்பாடு லாஸ் ஏஞ்சலஸ் போனது. அடுத்த ஜனவரியில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் ஊருக்கு ஆட்டத்துக்குப் போகிறார்கள். கறுப்பர்களுக்கு இங்கே அறை கிடையாது என்று ஹோட்டல்காரன் சொல்லிவிட்டான். அணி மொத்தமும் வேறிடம் போய்த் தங்கியது. வெளியே போனால் சாப்பாடும் கிடையாது. இதற்கு மேல் நம் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஆட வரமாட்டேன் என்று பெய்லர் சொல்லிவிட்டார். கூட ஆடுகிற வெள்ளைக்காரர் ஒருவர் போய்க் கெஞ்சிப் பார்த்தார். கூண்டில் வைத்திருந்து வேடிக்கை காட்ட மட்டும் திறந்துவிடுகிற மிருகம் இல்லை நான் என்கிற மாதிரி பெய்லர் பதில் சொன்னாராம். ஆட்டம் அவரில்லாமலே நடந்தது. அப்போது அவருக்கு 24 வயது. வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது.

இன்னொரு ஜனவரி. 1964, பாஸ்டன். ஆண்டுக்கொருமுறை எல்லா அணிகளின் சிறந்த ஆட்டக்காரர்களையும் இரண்டாகப் பிரித்து ஆடவிடும் நட்சத்திர ஆட்டம். ஏ.பி.சி. தொலைக்காட்சி நாடு முழுக்கக் காட்டப் போகிறது. முதலாளிகளுக்கு இது பெரிய நாள். தொலைக்காட்சிக் காசு அப்போதுதான் கண்ணில் பட ஆரம்பித்திருந்தது. வீரர்களுக்கோ ஓய்வூதியம் என்று ஒன்று இல்லை. முழங்கால் போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சங்கத்தை உட்கார வைத்துப் பேசக்கூட முதலாளிகள் தயாரில்லை. பத்து வருசமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி இருபது வீரர்களும் உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஓய்வூதியத்துக்கு உறுதி கொடு, இல்லாவிட்டால் வெளியே வரமாட்டோம். சங்கத் தலைவர் டாம் ஹைன்சன் வெள்ளையர். உள்ளே பில் ரஸ்ஸல், ஆஸ்கர் ராபர்ட்சன், பெய்லர், ஜெர்ரி வெஸ்ட். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அறையில். வெளியே அரங்கம் நிறைந்த கூட்டம். ஒளிபரப்பையே ரத்து செய்துவிடுவோம் என்று தொலைக்காட்சிக்காரன் மிரட்டுகிறான். லேக்கர்ஸ் முதலாளி பாப் ஷார்ட் ஓடிவந்து வாசலில் நின்ற காவலரிடம் சொல்லியனுப்பினார்: பெய்லரும் வெஸ்ட்டும் இப்போதே வெளியே வராவிட்டால் அவர்கள் கதை முடிந்தது. பெய்லர் திருப்பிச் சொல்லியனுப்பிய பதிலை அச்சில் ஏற்ற முடியாது. அதுவரைக்கும் ஊசலாடிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேரையும் அந்த மிரட்டல்தான் கெட்டிப்படுத்தியது என்று பின்னாளில் சொன்னார்கள். என்.பி.ஏ. தலைவர் வால்டர் கென்னடி நேரில் வந்து ஓய்வூதியத்துக்கு வாக்குக் கொடுத்த பிறகுதான் கதவு திறந்தது. ஆட்டம் சில நிமிடம் தாமதம், அவ்வளவுதான். பத்து வருசக் கெஞ்சலில் கிடைக்காதது அந்தச் சில நிமிடத்தில் கிடைத்தது.

*

ஓய்வூதியம் கிடைத்தது. ஆனால் ஆள் யாருடைய ஆள்?

அந்தக் காலத்தில் ஒரு அணி ஒருவனை எடுத்துக்கொண்டால் அவன் அந்த அணிக்குத்தான். ஒப்பந்தம் முடிந்தாலும் விடுதலை கிடையாது. இன்னொரு வருசம் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. அந்த 'இன்னொரு வருச'த்துக்கு முடிவே இல்லை என்று முதலாளிகள் பொருள் சொன்னார்கள். முதலாளி அவனை வேறு அணிக்கு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். அவனாகப் போக முடியாது. முதன்முதலில் எந்த அணிக்குப் போவது என்பதும் அவன் கையில் இல்லை. டிராஃப்ட் என்ற பெயரில் முதலாளிகள் வரிசையில் நின்று பெயர் சொல்லி எடுத்துக்கொள்வார்கள். அந்த டிராஃப்ட் இன்றைக்கும் இருக்கிறது.

1967-ல் ஏ.பி.ஏ. என்று போட்டி அமைப்பு ஒன்று வந்தது. இரண்டு கடை திறந்தால் கூலி ஏறத்தானே செய்யும்? ஏறியது. பார்த்தார்கள் முதலாளிகள், இரண்டு கடையையும் ஒன்றாக்கிவிடுவோம் என்று கிளம்பினார்கள். 1970-ல் ஆஸ்கர் ராபர்ட்சன் வழக்குப் போட்டார். அப்போது அவர் சங்கத் தலைவர். அமெரிக்காவில் விளையாட்டு, கேளிக்கைத் துறைகளின் தேசியச் சங்கம் ஒன்றுக்குத் தலைவரான முதல் கறுப்பர் அவர். அணிக்கு ஒருவராகப் பதினான்கு வீரர்கள் சேர்ந்து போட்ட வழக்கு. ஏகபோகத் தடுப்புச் சட்டப்படி இந்த இணைப்பும் தவறு, ஆளைக் கட்டிவைக்கிற ஷரத்தும் தவறு என்றார்கள். ஆறு வருசம் இழுத்தது. 1976-ல் சமரசம் ஆனது. ஷரத்து ஒழிந்தது. நான்கு ஏ.பி.ஏ. அணிகள் உள்ளே வந்தன. ராபர்ட்சன் 1974-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். தான் போட்ட வழக்கின் பலனைத் தான் ஒரு நாளும் அனுபவிக்கவில்லை. கட்டுப்பாடே இல்லாமல் அணி மாறும் உரிமை வர 1988 ஆயிற்று.

ஸ்பென்சர் ஹேவுட் கதையையும் சொல்ல வேண்டும். மிசிசிப்பியில் சில்வர் சிட்டி என்ற ஊரில் 1949-ல் பிறந்தவர். சின்ன வயதில் பருத்தி பொறுக்கியவர். பள்ளி முடித்து நாலு வருசம் ஆகாமல் என்.பி.ஏ.யில் ஆடக்கூடாது என்று அப்போது விதி. வீட்டில் சோற்றுக்கு வழியில்லாதவன் நாலு வருசம் கல்லூரியில் சம்பளமில்லாமல் ஆடிக் கல்லூரிக்குக் காசு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஹேவுட் 1970-ல் சியாட்டில் அணியில் சேர்ந்தார். எதிரணி ஊர்களில் சட்டவிரோத ஆட்டக்காரர் ஒருவர் களத்தில் இருக்கிறார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம். 1971-ல் உச்ச நீதிமன்றத்தில் ஏழுக்கு இரண்டு என்று அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. கெவின் கார்னெட், கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் எல்லாம் பள்ளியிலிருந்து நேரே சம்பளத்துக்கு வந்தது ஹேவுட் திறந்துவைத்த வாசல் வழியாகத்தான்.

*

முதலாளிகளும் சும்மா இருந்தார்களா? ஆளைக் கட்டிவைக்க முடியாவிட்டால் காசைக் கட்டிவை என்று அடுத்த வழிக்குப் போனார்கள். 1983 ஒப்பந்தத்தில் சம்பள உச்சவரம்பு வந்தது. வருவாயில் 53 பங்கு வீரர்களுக்கு உறுதி, பதிலுக்கு ஒரு அணி மொத்தமாக இவ்வளவுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது. முதல் வருசத்து வரம்பு அணிக்கு 36 லட்சம் டாலர்.

1997-ல் கார்னெட் என்ற இருபத்தொரு வயதுக் கறுப்பு இளைஞர் ஆறு வருசத்துக்கு 12.6 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். நாடே கொதித்தது. கொடுத்தவனைப் பார்த்துக் கொதிக்கவில்லை, வாங்கினவனைப் பார்த்துக் கொதித்தது. அடுத்த ஜூலை 1-ல் முதலாளிகள் கதவைப் பூட்டினார்கள். 1999 ஜனவரி வரைக்கும் பூட்டு. 82 ஆட்டம் ஆட வேண்டிய அணிகள் ஐம்பது ஆடின. வீரர்கள் தரப்பிலும் வாய் தவறிய பேச்சுகள் இல்லாமலில்லை. எங்களுக்கு வரவு எவ்வளவோ செலவும் அவ்வளவு என்று சங்கத் தலைவர் பாட்ரிக் யூயிங்கே சொல்லி ஏச்சு வாங்கினார். கடைசியில் தனி ஆளுக்கு இதற்கு மேல் சம்பளம் கிடையாது என்ற வரம்பும் வந்து சேர்ந்தது. தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொள்ள முடியாத முதலாளிகள், அதற்குக் கயிறு கொடு என்று வீரர்களிடம் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த 1998 கூட்டம் ஒன்றில் நடந்தது பல பத்திரிகைகளில் வந்தது. வாஷிங்டன் அணி முதலாளி ஏப் போலின் நட்டக் கணக்குப் பாடிக்கொண்டிருந்தார். மைக்கேல் ஜோர்டான் குறுக்கிட்டு, லாபம் பார்க்கத் தெரியாவிட்டால் அணியை விற்றுவிடுங்கள் என்றார். அறையே அதிர்ந்துபோயிற்றாம்.

பதின்மூன்று வருசம் கழித்து 2011. மறுபடி கதவடைப்பு, 161 நாள். நட்டம், ஆண்டுக்கு 30 கோடி டாலர் நட்டம் என்று முதலாளிகள் அழுதார்கள். 22, 23 அணிகள் நட்டத்தில் ஓடுகின்றன, இந்த அமைப்பே உடைந்துவிட்டது என்று ஒரு முதலாளி ஆஸ்திரேலியப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். கதவடைப்பு நேரத்தில் வாய் திறந்ததற்காக அமைப்பு அவருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. அந்த முதலாளி யார்? அதே ஜோர்டான். 2010-ல் சார்லட் அணியின் பெரும்பங்கை வாங்கியிருந்தார். வீரர்களின் பங்கைப் பாதிக்குக் கீழே இறக்க வேண்டும் என்று நின்ற கூட்டத்தில் அவரும் இருந்ததாகச் செய்திகள் வந்தன.

இதை ஜோர்டானின் துரோகம் என்று சொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. அது சுலபமான பதில். நம்மில் ஒருவன் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உட்கார்ந்தவருக்கு அந்த நாற்காலியின் கணக்குத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. 2023-ல் அவர் அந்தப் பெரும்பங்கை விற்றார். அணியின் மதிப்பு 300 கோடி டாலர். அத்தோடு முப்பது அணிகளில் பெரும்பங்கு வைத்திருந்த ஒரே கறுப்பரும் வெளியேறினார். நட்டத்தில் ஓடிய கடையின் விலை இது.

2011-ல் வீரர்கள் தோற்றார்கள். வருவாயில் 57 ஆக இருந்த பங்கு 49-க்கும் 51-க்கும் நடுவே வந்து நின்றது. ஆண்டு வருவாய் சுமார் 400 கோடி டாலர் என்றால் ஆறேழு பங்கு என்பது 25 கோடிக்கு மேல். ஒவ்வொரு வருசமும் அவ்வளவு கை மாறியது. அது ரசிகனின் பைக்கா போயிற்று? கோடி வாங்குகிறான் என்று பொறாமைப்படுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ஆடுகிறவனுக்குக் குறைத்த காசு பார்க்கிறவனுக்கு வரவில்லை. ஆடாதவனுக்குப் போயிற்று.

*

இதுவரை சொன்னதை வைத்துச் சங்கத்துக்கு நான் ஆரத்தி எடுக்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். சங்கத்தின் மேல் எனக்குப் பெரிய வழக்கே இருக்கிறது.

ஹேவுட் உடைத்த அந்த வயதுக் கதவை 2005-ல் மறுபடி சாத்தினார்கள். 19 வயதும் பள்ளி முடித்து ஒரு வருசமும் ஆகாமல் வரக்கூடாது. இந்த முறை முதலாளி தனியாகச் சாத்தவில்லை. சங்கமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டது. கூட்டு ஒப்பந்தத்தில் சங்கம் ஒப்புக்கொண்டுவிட்டால் ஏகபோகத் தடுப்புச் சட்டமும் அதில் தலையிடத் தயங்கும். பள்ளிக்கூடத்துக் கறுப்புப் பையன் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. அவனுக்கு ஓட்டு இல்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குத் தங்கள் இடமும் சம்பளமும் முக்கியம். அவன் உரிமையைக் கொடுத்துத் தங்களுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டார்கள். பேஸ்பாலிலும் ஹாக்கியிலும் பதினெட்டு வயதில் ஆடவருகிறவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லையே, எங்களுக்கு மட்டும் ஏன் என்று ஜெர்மெய்ன் ஓ'நீல் என்ற வீரர் வெளிப்படையாகவே நிறத்தைக் குறிப்பிட்டுக் கேட்டார். பதில் வரவில்லை.

மேசையில் இல்லாதவனை விற்பது அங்கே முதல்முறையும் இல்லை. பழைய ஏ.பி.ஏ.வில் ஆடி உடம்பு தேய்ந்தவர்கள் பலருக்கு இணைப்புக்குப் பிறகு சரியான ஓய்வூதியம் கிடைக்கவில்லை. அவர்களில் பலர் மருந்துக்குக் காசில்லாமல் கிடந்தார்கள். 2022-ல்தான் என்.பி.ஏ.வும் சங்கமும் சேர்ந்து 2.45 கோடி டாலர் ஒதுக்கின. பயனடைந்தவர்கள் சுமார் 115 பேர். அதற்குள் செத்துப்போனவர்களுக்கு யார் கணக்குச் சொல்வது?

அரங்கத்தில் டிக்கெட் கிழிப்பவர், சோளப்பொரி விற்பவர், கூட்டிப் பெருக்குபவர் இருக்கிறார்கள். ஒவ்வொரு கதவடைப்பிலும் அன்றாடக் கூலி முதலில் போவது அவர்களுக்குத்தான். ஒப்பந்தத்தில் அவர்கள் பெயர் இல்லை. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் ஆட்டங்கள் நின்றபோது கெவின் லவ் தன் ஊர் அரங்கத் தொழிலாளருக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். ஸயான் வில்லியம்சன் என்ற பத்தொன்பது வயதுப் பையன் நியூ ஆர்லியன்ஸ் அரங்கத் தொழிலாளரின் முப்பது நாள் சம்பளத்தைத் தான் தருவதாகச் சொன்னான். நல்ல மனசு, மறுக்கவில்லை. ஆனால் நல்ல மனசு அடுத்த வருசம் இருக்குமா என்று யாருக்குத் தெரியும்? ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் அது நிற்கும்.

பெண்கள் கதை இன்னொன்று. டபிள்யு.என்.பி.ஏ. என்ற பெண்கள் அமைப்பிலும் பெரும்பாலோர் கறுப்புப் பெண்கள். 2024-ல் நாடே திரும்பிப் பார்த்த புது ஆட்டக்காரி கெய்ட்லின் கிளார்க்குக்கு முதல் வருசச் சம்பளம் 76,535 டாலர். 2025 ஜூலையில் இண்டியானாபோலிஸ் நட்சத்திர ஆட்டத்துக்கு முன் எல்லோரும் ஒரே மாதிரிக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். எங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடு என்பதுதான் அதில் எழுதியிருந்ததன் பொருள். அரங்கம் முழுக்க அதையே கோஷமாகக் கத்தியது. ஆண்கள் 1964-ல் இதே நட்சத்திர ஆட்ட மேடையில் தொடங்கியதைப் பெண்கள் அறுபத்தொரு வருசம் கழித்துக் கேட்க வேண்டியிருந்தது.

*

பெய்லரிடம் திரும்புவோம். ஆடி முடித்த பிறகு 1986-லிருந்து 22 வருசம் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணியில் நிர்வாகியாக இருந்தார். அதன் முதலாளி டொனால்ட் ஸ்டெர்லிங். வாடகைக்கு வீடு விடுவதில் கறுப்பரையும் லத்தீன் அமெரிக்கரையும் ஒதுக்கினார் என்று அரசாங்கமே அவர் மேல் வழக்குப் போட்டது. 2009-ல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் 27.3 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார். அதே வருசம் பெய்லரும் வழக்குப் போட்டார். நிறத்துக்காகவும் வயதுக்காகவும் எனக்கு அநியாயம் நடந்தது, இந்த முதலாளிக்கு இருப்பது தோட்டத்து எஜமான் புத்தி என்றார். நிற வழக்கு விசாரணைக்கு முன்பே கைவிடப்பட்டது. வயது வழக்கில் 2011-ல் நடுவர் குழு அவருக்கு எதிராக முடிவு சொன்னது. கமிஷனர் யாரும் அப்போது வாய் திறக்கவில்லை.

2014 ஏப்ரலில் ஸ்டெர்லிங்கின் அந்தரங்கப் பேச்சு ஒலிநாடாவாக வெளிவந்தது. கறுப்பர்களை என் ஆட்டத்துக்குக் கூட்டிவராதே என்று தோழியிடம் சொல்கிறார். அவர் அணியில் ஆடுகிறவர்களே கறுப்பர்கள்! அணிப் பெயர் தெரியாதபடி வீரர்கள் சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். தண்டனை சரியில்லை என்றால் களத்தை விட்டு வெளியேறுவது என்று எதிரணியும் தயாராக இருந்தது. நாலு நாளில் புதுக் கமிஷனர் ஆடம் சில்வர் ஸ்டெர்லிங்குக்கு ஆயுள் தடையும் 25 லட்சம் டாலர் அபராதமும் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். கிழவர் பெய்லர் நீதிமன்றம் ஏறிச் சொன்னபோது கேட்காத காது, ஆட்டம் நிற்கப்போகிறது என்றதும் கேட்டது.

தண்டனையின் மிச்சத்தையும் பாருங்கள். 1981-ல் ஸ்டெர்லிங் அந்த அணியை வாங்கிய விலை 1.25 கோடி டாலர். 2014-ல் ஸ்டீவ் பால்மருக்கு விற்றது 200 கோடிக்கு. நூற்றறுபது மடங்கு. அந்த முப்பத்துமூன்று வருசமும் வேர்வை சிந்தி ஆடியவர்களுக்கு இந்த ஏற்றத்தில் ஒரு காசு பங்கு உண்டா? கிடையாது. கூட்டு ஒப்பந்தம் பாதிக்குப் பாதி பிரிப்பது வருசாவருசம் வரும் வருவாயைத்தான். அணியின் விலை பேரத்துக்கே வருவதில்லை. 2025-ல் லேக்கர்ஸ் அணியின் பெரும்பங்கு கைமாறியபோது போட்ட மதிப்பு 1,000 கோடி டாலர். 2024-ல் போட்ட தொலைக்காட்சி ஒப்பந்தம் பதினோரு வருசத்துக்கு 7,600 கோடி. எங்கள் சங்கக்காரர் கோடி கோடி என்றாரே, உண்மையான கோடி இங்கே இருக்கிறது. அதை எண்ணிப் பார்க்க யாரும் சொல்லித்தருவதில்லை.

'ஓனர்' என்ற சொல்லே வேண்டாம், மனிதரை வைத்து நடத்துகிற அணிக்கு அது தகாது என்று 2017-ல் டிரேமண்ட் கிரீன் என்ற வீரர் சொன்னார். சில முதலாளிகள் கோபித்துக்கொண்டார்கள். 2019-ல் அமைப்பு அந்தச் சொல்லிலிருந்து விலகி 'கவர்னர்' என்பதற்குப் போய்விட்டதாக சில்வர் சொன்னார். பெயர் மாறியது. சொத்துப் பத்திரத்தில் எந்த எழுத்தும் மாறவில்லை.

*

இனி 2020 ஆகஸ்ட். கெனோஷா என்ற ஊரில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பரைப் போலீஸ் ஏழு முறை சுட்டது. அது மில்வாக்கிக்குப் பக்கத்து ஊர். மூன்றாம் நாள், 26-ஆம் தேதி, மில்வாக்கி பக்ஸ் அணி ஆட்டத்துக்கு வெளியே வரவில்லை. 1964 மாதிரியே அறைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். மற்ற அணிகளும், பெண்கள் அணிகளும் பின்னாலேயே நிறுத்தின. ஒப்பந்தப்படி இது செய்யக்கூடாத காரியம். 'பாய்காட்' என்று பத்திரிகைகள் எழுதின. தன் உழைப்பைத் தானே நிறுத்துவதற்குப் பெயர் வேலை நிறுத்தம். கூலிக்காக ஒருமுறைகூட அப்படிச் செய்யாதவர்கள், முன்பின் தெரியாத ஒருவருக்காகச் செய்தார்கள். அபராதம் போட எந்த முதலாளிக்கும் தைரியம் வரவில்லை. மூன்று நாளில் திரும்ப ஆட வந்துவிட்டார்கள், தேர்தலுக்கு அரங்கங்களை வாக்குச்சாவடியாகத் திறப்பது போன்ற சிலதை வாங்கிக்கொண்டார்கள். சீக்கிரம் இறங்கிவிட்டார்கள் என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் பட்டது.

அதே மாதம் அட்லாண்டா பெண்கள் அணி இன்னும் ஒரு படி மேலே போனது. அணியின் கூட்டு முதலாளி கெல்லி லோஃப்லர் செனட்டர். கறுப்பர் உயிருக்காக எழுந்த இயக்கத்தைக் களத்துக்குள் கொண்டுவரக்கூடாது என்றார். வீராங்கனைகள் அவரை எதிர்த்து நின்ற ரஃபேல் வார்னாக்குக்கு ஓட்டுப் போடுங்கள் என்று சட்டையில் எழுதிக்கொண்டு வந்தார்கள். 2021 ஜனவரியில் வார்னாக் வென்றார். அடுத்த மாதமே அணியும் கை மாறியது.

எங்கள் சங்கக்காரருக்கு என் பதில் இதுதான். அந்த வீரர்களுக்காக நீங்கள் கண்ணீர் விட வேண்டாம். நானும் விடவில்லை. பத்துக் கோடி சம்பளம் எந்த மனிதனுக்கும் அதிகம்தான். ஆனால் கூலி பெரிதாகிவிட்டால் கூலிக்காரன் முதலாளியாகிவிடுவதில்லை. அவனை எடுக்கவும் மாற்றவும் பூட்டவும் இன்னொருவனுக்கு உரிமை இருக்கிறவரை அவனுக்குச் சங்கம் வேண்டும். அந்தச் சங்கம் பள்ளிக்கூடத்துப் பையனையும் சோளப்பொரி விற்பவரையும் பேரத்துக்குப் பொருளாக்காமல் மேசைக்குக் கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பவனுக்கு மட்டுமான சங்கத்தை 2005-ல் செய்ததுபோல முதலாளி லேசாக வாங்கிவிடுவான்.

2023-ல் போட்ட ஒப்பந்தம் 2029-30 ஆட்டக்காலம் வரைக்கும் ஓடும். அதற்கு ஒரு வருசம் முன்பே முறித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அப்போது மறுபடி செய்தி வரும். பேராசை, பிடிவாதம், ரசிகன் பாவம் என்று தலைப்புப் போடுவார்கள். படிக்கிறவர்கள் ஒன்றே ஒன்று செய்யுங்கள். சாவி யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.